ஹல்வாரின் மதிலும் மேஜரின் தலையும்

டென்மார்க்காரர்கள் எங்கள் ஹம்மர் தீவுக் கோட்டையை முற்றுகையிட்டு நாற்பத்தோரு நாள் ஆகிவிட்டது. மூன்று போர்க்கப்பல்கள், நூற்றுச் சொச்சம் பீரங்கிகள். காலையில் பிரார்த்தனை முடிந்ததும் சுட ஆரம்பிப்பார்கள். பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஒழுங்கான மனிதர்கள்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் குறி என்று ஒன்று இருக்கிறதே, அது மட்டும் அவர்களுக்கு வரவே வரவில்லை. இத்தனை நாளில் அவர்கள் வீழ்த்தியது சமையலறைப் புகைபோக்கி ஒன்று, மேஜரின் கழிப்பறைக் கூரை ஒன்று, கிழட்டு ஆடு ஒன்று. அந்த ஆடும் பயத்தில்தான் செத்தது என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள்.

தப்பித்தவறி மதிலில் பட்ட குண்டுகள் பட்ட வேகத்தில் திரும்பிப் போய்க் கடலில் விழுந்தன. மதிலில் ஒரு பொருக்குக்கூட உதிரவில்லை.

அந்த மதிலைக் கட்டியவன் ஹல்வார், கோட்டையின் கொத்தனார். உள்ளே இருந்த தொண்ணூறு பேரும் பசியில் சுருண்டுகொண்டிருக்க, அவன் ஒருவனுக்கு மட்டும் இந்த முற்றுகை திருவிழா. தினமும் காலையில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவான். மதிலில் காதை வைத்துக்கொள்வான். ஒரு குண்டு வந்து மோதும். "கேட்டீங்களா, கேட்டீங்களா! வெங்கலம் மாதிரி இருக்கு!" என்று போகிற வருகிறவனையெல்லாம் பிடித்து நிறுத்துவான்.

அவன் பூரிப்புக்குக் காரணம் இருந்தது. மதில் கட்டும் வேலை பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அவனுக்குக் கிடைத்தபோது, கரையில் மார்ஸ்ட்ராண்ட் ஊரில் இருந்த ட்ரூல்ஸ் என்ற இன்னொரு கொத்தனுக்கு வயிறு எரிந்தது. கோட்டைச் சுண்ணாம்பை ஹல்வார் திருட்டுத்தனமாக விற்றுவிட்டு வெறும் மணலை வைத்துக் கட்டுகிறான் என்று பீர்க்கடைக்குப் பீர்க்கடை போய்ச் சொன்னான். ஊர் வாய்க்கு மூடி ஏது? அன்றிலிருந்து ஹல்வார் மார்ஸ்ட்ராண்டில் கால் வைத்தால் "மணல் வந்துட்டான்டா" என்பார்கள். சர்ச்சில் அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தைத் தட்டிவிட்டு உட்காருவார்கள். பன்னிரண்டு வருடமாக இந்தக் கூத்து. இப்போது டென்மார்க் ராஜாவே தன் செலவில் ஆள் அனுப்பி மதிலைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முற்றுகை முடியட்டும், ஊரில் போய் ட்ரூல்ஸின் மூக்கை உடைக்கலாம் என்று ஹல்வார் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

மேஜர் ஸ்டோல்பேயும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எண்ணியது வேறு. கோட்டைத் தளபதி அவர். அறுபது வயது, வழுக்கைத் தலை, அதன்மேல் எப்போதும் ஒரு பக்கம் சரிந்த பொய்முடி. உப்பு ஹெர்ரிங் மீன் ஒன்றரைப் பீப்பாய்தான் மிச்சம். பட்டாணி தீர்ந்து வாரம் ஒன்றாகிவிட்டது. எங்கள் ராஜா எங்கேயோ கண்காணாத தேசத்தில் வேறு யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உதவி வராது. கோட்டையை ஒப்படைத்துவிட வேண்டியதுதான் என்று மேஜருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

ஆனால் ஒப்படைக்க முடியாது. போர்ச் சட்டம் அப்படி. மதிலில் ஓட்டை விழாமல் கோட்டையை ஒப்படைக்கிற தளபதியின் தலையை எடுத்துவிடுவார்கள். ஓட்டை என்றால் எலி போகிற ஓட்டை இல்லை. எதிரி ஒருவன் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்தபடி, எங்கும் கையை ஊன்றாமல் அதில் ஏறி உள்ளே வர வேண்டும். அப்படி ஒரு ஓட்டை விழுந்துவிட்டால் கொட்டு முழக்கத்தோடும் கொடியோடும் கௌரவமாக வெளியே நடந்து போய்விடலாம், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்து எழுதுவதற்கென்றே அரசாங்கம் ஃப்ளோடின் என்ற எழுத்தரைக் கோட்டையில் உட்கார வைத்திருந்தது. நேர்மையான மனிதன், பொய் எழுத மாட்டான். ஆனால் வெடிச்சத்தம் கேட்டால் நிலவறைக்குள் ஓடிப்போய் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்வான். சத்தம் நிற்கும்வரை வெளியே தலை காட்ட மாட்டான்.

மேஜர் தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தார். எதிரிக் கப்பலுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, கொஞ்சம் இடது பக்கமாகச் சுட்டால் நல்லது என்று யோசனை சொன்னார். எங்கள் வேலை எங்களுக்குத் தெரியும் என்று கோபமாகப் பதில் வந்தது. ஹல்வாரின் மனைவி குன்னில்லா, கோட்டைச் சமையல்காரி, குறி பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று தன்னுடைய சிவப்புப் பாவாடையை மதிலின் நடுவில் தொங்கவிட்டாள். அன்று முழுவதும் டென்மார்க்காரர்கள் அந்தப் பக்கம் சுடவே இல்லை. பெண்பிள்ளை உடுப்பின்மேல் சுடுவது அநாகரிகமாம்! மூன்று சிப்பாய்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ரகசியமாகப் போய்க் குத்திப் பார்த்தார்கள். கடப்பாரை வளைந்துபோனது.

நாற்பத்திரண்டாவது நாள் இரு தரப்பும் வெள்ளைக்கொடி காட்டி, குடாவின் நடுவில் இருந்த பாறையில் மேஜை போட்டுப் பேச உட்கார்ந்தார்கள். டென்மார்க் கப்பல்களின் தலைவர் கேப்டன் தோர்ம் ஒரு பெரிய வெண்ணெய்க் கட்டியோடு வந்தார். ஆள் பீப்பாய்க்குக் கால் முளைத்த மாதிரி இருந்தார். டென்மார்க்காரர்கள் வாயில் சூடான கஞ்சியை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் என்றாலும், கவலையில் பேசும்போது நன்றாகவே புரிகிறது.

"மேஜர், உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. மூணு நாள்ல பிடிச்சுக் காட்டுறேன்னு எங்க அட்மிரல்கிட்ட மார் தட்டிட்டு வந்தேன். இப்ப நாப்பத்திரண்டு நாள் ஆச்சு. வெறுங்கையோட திரும்பினா என்னைத் துறைமுகத்துல கயிறு திரிக்க விட்ருவாங்க."

"உங்களுக்குக் கயிறு, எனக்குக் கோடாலி" என்றார் மேஜர், வெண்ணெயை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எந்தப் பாவிய்யா கட்டினான் அந்த மதிலை?"

மேஜரின் படகுக்குத் துடுப்புப் போட்டு வந்திருந்த ஹல்வார் முன்னால் வந்து நின்றான். "நான்தாங்க."

கேப்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உன் கையை வெட்டிக் கடல்ல போடணும்டா!"

ஹல்வாருக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் அவன் மதிலைப் பற்றி யாரும் இவ்வளவு அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்போதுதான் மேஜர் அவன் பக்கம் திரும்பினார். வயதான மனிதர், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொண்டையைக் கனைத்தார். "ஹல்வார், மதிலைத் தாங்குற பூட்டுக் கல்லுங்க எங்க இருக்குன்னு உனக்கு மட்டும்தானே தெரியும். அதுங்களைப் பெயர்த்தா..."

ஹல்வாருக்குப் புரிந்துவிட்டது. "ஐயா, வேற எது வேணும்னாலும் கேளுங்க. என் தோலை உரிச்சுச் செருப்புத் தைக்கச் சொல்லுங்க, தைக்கிறேன். அதை மட்டும் கேக்காதீங்க."

"கட்டளை போட மாட்டேன்ப்பா" என்றார் மேஜர். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த ஹல்வார் சம்மட்டியை எடுத்துப் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தான். குன்னில்லா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யோவ், அந்த மனுஷன் தன் பங்கு மீனை ரெண்டு வாரமாச் சீக்காளிகளுக்குக் குடுத்துட்டுத் தோல் வார் மென்னுட்டு உக்காந்திருக்காரு. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஊரே உன்னை மணல்னு சொன்னப்ப, அவன்தான் கட்டணும், வேற எவனும் கொத்துக் கரணையைத் தொடக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

"அவருதான். அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றே? நானே இடிச்சா, நாளைக்கு டென்மார்க்காரன் இடிச்சான்னு எழுதுவாங்க. ட்ரூல்ஸ் குதிப்பான்டி! பாத்தியா, மணல்னு சொன்னேன்லன்னு மார்ஸ்ட்ராண்ட் பூரா மணி அடிச்சிட்டு வருவான். என் பேரு என்ன ஆகும்?"

"மதிலு போனா மறுபடி கட்டிக்கலாம். தலை போனா கட்டுவியா? எங்க, கட்டு பாக்கலாம்! உனக்கு எத்தனை வண்டி சுண்ணாம்பு வேணும்?"

ஹல்வார் குனிந்து படுக்கைக்கு அடியிலிருந்து சம்மட்டியை இழுத்தான்.

மறுநாள் காலை பனிமூட்டம் இறங்கியது. எங்கள் கடலில் இலையுதிர் காலத்துப் பனி வந்தால் நீட்டிய கை தெரியாது. ஹல்வார் சரி என்றதும் மேஜரும் கேப்டனும் படகோட்டி மூலம் பேசி முடித்துவிட்டார்கள். குண்டு போடாமல் வெறும் வெடிமருந்தை மட்டும் பகல் முழுவதும் வெடிக்க வேண்டும். அதில் இரண்டு லாபம். சம்மட்டிச் சத்தம் அமுங்கிப்போகும், எழுத்தர் ஃப்ளோடினும் நிலவறையை விட்டு வெளியே வரமாட்டான்.

"டமார்!" என்றது முதல் பீரங்கி. ஃப்ளோடின் மேஜைக்கு அடியில் போனான். ஹல்வார் மதிலுக்கு வெளிப்பக்கம் கயிற்றில் இறங்கினான்.

இறங்கியவன் உடனே இடிக்கவில்லை. மதிலைத் தடவிக் கொடுத்தான். ஒவ்வொரு கல்லும் அவனுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம். இந்தக் கல் கப்பலில் வந்தது, இது காலில் விழுந்து நகத்தைப் பெயர்த்தது, இதை வைத்த அன்றுதான் குன்னில்லா சம்மதம் சொன்னாள். "மன்னிச்சுக்கோங்கடா" என்று சொல்லிவிட்டு, நடுவில் இருந்த முதல் பூட்டுக் கல்லின் இடுக்கில் உளியை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டான். உளி முனை உடைந்தது. அழுகையோடு சிரிப்பும் வந்தது அவனுக்கு. "எவன்டா கட்டினான் இதை, படுபாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மூன்று நாள் நடந்தது அந்த வேலை. ஆறு உளி, இரண்டு சம்மட்டிப் பிடி போயிற்று. மேலே இருந்து குன்னில்லா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அழுதுக்கிட்டே அடிக்காத, அடி வழுக்குது" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் எந்தக் கப்பலிலோ எந்த முட்டாளோ பழக்க தோஷத்தில் பீரங்கிக்குள் நிஜக் குண்டைப் போட்டுவிட்டான். நாற்பத்து நான்கு நாளில் முதல் முறையாக அவர்கள் குறி தப்பவில்லை. குண்டு ஹல்வாரின் தொப்பிக்கு ஒரு முழம் தள்ளி, அவன் இடித்துக்கொண்டிருந்த இடத்தின் நட்டநடுவில் வந்து மோதியது, எகிறியது, கடலில் விழுந்தது. மதில் அசையவில்லை.

ஹல்வார் பனிக்குள் திரும்பி முஷ்டியை உயர்த்தினான். "பாத்தீங்களாடா! பாத்தீங்களா! பாதி இடிச்ச மதிலுடா இது! இதைக்கூட உங்களால ஒண்ணும் புடுங்க முடியல!"

"மன்னிச்சுக்கப்பா!" என்று பனிக்குள்ளிருந்து யாரோ டென்மார்க் வாயால் கத்தினான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசிப் பூட்டுக் கல் விடுபட்டது. ஒரு பெருமூச்சு விட்டது மாதிரி மதிலின் நடுப்பகுதி சரிந்து கடற்கரையில் கொட்டியது. ஹல்வார் அந்தக் கற்குவியல்மேல் உட்கார்ந்து, எட்டி ஒரு காரைக் கட்டியை எடுத்துக் கடித்துப் பார்த்தான். பல் வலித்தது. சுத்தமான சுண்ணாம்பு. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் பனி விலகியது. ஃப்ளோடின் பேனாவும் காகிதமுமாக மேலே வந்து, ஓட்டையைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினான்.

"நாப்பது நாள் வெளிச்சத்துல சுட்டுக் கிடைக்காதது, மூணு நாள் பனியில எப்படிக் கிடைச்சுது?"

பேச்சுவார்த்தைக்கு வந்திருந்த கேப்டன் தோர்ம் சிறிதும் கூச்சப்படவில்லை. "எங்க ஆளுங்களுக்குப் பனியிலதான் கண்ணு நல்லாத் தெரியும். வெளிச்சம் கூசும்."

ஃப்ளோடின் அதை அப்படியே எழுதிக்கொண்டான். பிறகு சோதனை. சட்டப்படி ஒரு எதிரி கை ஊன்றாமல் ஏறி வர வேண்டும். வெற்றி வீரன் முதலில் நுழைய வேண்டும் என்ற ஆசையில் கேப்டனே துப்பாக்கியை மார்போடு பிடித்துக்கொண்டு ஏறினார். பாதி வழியில் வயிறு இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போயிற்று. மேஜருக்கு உயிரே போய்விட்டது. இவர் ஏறாவிட்டால் ஓட்டை செல்லாது, ஓட்டை செல்லாவிட்டால் தலை மிஞ்சாது. "தள்ளுங்கடா!" என்று அலறினார். எங்கள் சிப்பாய்கள் ஆறு பேர் வெளியே ஓடிப்போய், எதிரிக் கேப்டனின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்து முக்கினார்கள். கேப்டன் ஒரு சத்தத்தோடு கோட்டைக்குள் வந்து விழுந்தார். துப்பாக்கி இரண்டு கையிலும் பத்திரமாக இருந்தது.

"கை ஊணலையே?" என்றார் படுத்தபடியே.

"அவர் கை ஊணலை" என்று ஃப்ளோடின் எழுதினான். மற்றவர்கள் கையைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

கோட்டையை ஒப்படைக்கும் பத்திரத்தைக் கேப்டன் தோர்ம் தன் கையால் எழுதினார். நாற்பத்தைந்து நாள் ஏன் ஆயிற்று என்று தன் அட்மிரலுக்குக் காரணம் சொல்ல வேண்டுமே! அதனால் மதிலைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். வட கடல்களில் இதைவிடக் கெட்டியான மதில் தான் பார்த்ததில்லை, கட்டியவன் கொத்தனாரல்ல, பிசாசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹல்வார் அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டான். எங்கள் படை, கௌரவமாக வெளியேறுகிறவர்களின் வழக்கப்படி, ஆளுக்கொரு ஈயக் குண்டை வாயில் கவ்விக்கொண்டு கொட்டு முழக்கத்தோடு வெளியே நடந்தது. ஒருவன் பசியில் குண்டை விழுங்கிவிட்டான். மற்றபடி எல்லாம் முறைப்படி நடந்தது.

மேஜரை விசாரித்த நீதிமன்றம் ஃப்ளோடின் எழுதியதைப் படித்துப் பார்த்து, தலை இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் வசந்தம் வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை ஹல்வார் மார்ஸ்ட்ராண்ட் பீர்க்கடைக்குள் நுழைந்தான். குன்னில்லாவும் கூட வந்தாள். உள்ளே கூட்டம். மூலையில் மேஜர் ஸ்டோல்பே தனியாக உட்கார்ந்து பட்டாணிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ட்ரூல்ஸ் நடு மேஜையில் இருந்தான்.

ஹல்வார் காகிதத்தை எடுத்தான், சத்தமாகப் படித்தான். பிசாசு என்ற இடத்தை இரண்டு தடவை படித்தான். பன்னிரண்டு வருடமாகத் தட்டிவிட்டு உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து அவனுக்கு இடம்கூட விட்டான்.

ட்ரூல்ஸ் மெதுவாக வாயைத் துடைத்தான். "எல்லாம் சரிதான் ஹல்வார். அவ்வளவு கெட்டியான மதிலு, அப்புறம் எப்படி இடிஞ்சுது? ஆடு சுட்ட பயலுங்க, அதுவும் பனியில, கண்ணை மூடிட்டு சுட்டு மூணே நாள்ல இடிச்சிருக்கானுங்க! அதுல சுண்ணாம்பு எங்கேப்பா இருந்துச்சு?"

எல்லோரும் ஹல்வாரைத் திரும்பிப் பார்த்தார்கள். சட்டைப்பைக்குள் அந்தக் காரைக் கட்டி இருந்தது. அதைக் கையில் இறுக்கிப் பிடித்தான். உலகத்தில் எந்த டென்மார்க்காரனாலும் அதை இடிக்க முடியாது, நான் இடித்தேன், ஆறு உளி உடைத்து இடித்தேன் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தான்.

மூலையில் மேஜரின் கரண்டி பாதி வழியில் நின்றது.

ஹல்வார் அவரைப் பார்த்தான். வாயை மூடினான். பிறகு திறந்து, "ஆமா ட்ரூல்ஸ். கொஞ்சம் மணல் கூடிப்போச்சு போல" என்றான்.

கடையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். ட்ரூல்ஸ் மேஜைமேல் ஏறி ஆடினான். இடம் விட்டவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான். குன்னில்லா மட்டும் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் ஹல்வாரின் கையைப் பிடித்து, எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தினாள்.

மேஜர் எழுந்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நேராக ஹல்வாரிடம் வந்தார். தொப்பியை எடுத்தார். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, பொய்முடியையும் எடுத்தார். கொத்தனாருக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். ஏன் என்று கடையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கிழவருக்குப் பசியில் மூளை குழம்பிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

தன் கண்ணுக்கு நேரே பளபளத்த அந்த வழுக்கைத் தலையை ஹல்வார் வெகுநேரம் பார்த்தான். பழக்கம் விடவில்லை அவனுக்கு, கொத்தனார் பார்வைதான் பார்த்தான். எங்கும் விரிசல் இல்லை. நன்றாக, கெட்டியாக, இருந்த இடத்திலேயே இருந்தது.